நாலு பேருக்கு மேல் ஆகாது

(ஏழாயிரம்பண்ணையில் ஒரு சனிக்கிழமை மாலை நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சுநடையை அதிகம் மாற்றாமல் அச்சாகிறது.)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘பயத்தை வென்று படைப்போம்’. அழைப்பிதழ் அச்சாகிக் கைக்கு வந்த பிறகுதான் அதை நிதானமாகப் படித்தேன். படித்ததும் ஒரு சங்கடம். வெளியூரிலிருந்து இங்கே பேச வருகிறவர்கள் வழக்கமாக 1799-இலிருந்து ஆரம்பிப்பார்கள். கட்டபொம்மன் பக்கம் நின்றதற்காகக் கும்பினியார் பறித்துக்கொண்ட பாளையங்களில் ஏழாயிரம்பண்ணையும் ஒன்று, இந்த மண்ணில் நின்று பயத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டு முதல் இரண்டு நிமிஷத்திலேயே கைதட்டு வாங்கிவிடுவார்கள். நான் சாத்தூர்ப் பக்கத்துக்காரன். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவன். எனக்கு அந்தக் கைதட்டு வேண்டாம். தலைப்போடு கொஞ்சம் சண்டை போடத்தான் வந்திருக்கிறேன்.

இங்கே பாதிப் பேர் பயர் ஆபீஸ் என்கிற பட்டாசு ஆலை வேலை தெரிந்தவர்கள். மீதிப் பேர் தீப்பெட்டி ஆபீஸைப் பார்த்தே வளர்ந்தவர்கள். உங்கள் முன்னால் நின்று ‘பயத்தை விடுங்கள்’ என்று ஒருவன் சொன்னால் அவனை மேடையை விட்டு இறக்கிவிட வேண்டும். வெடிமருந்து அறைக்குள் போகிறவருக்குப் பயம்தான் கண். செருப்பை வெளியே விடுகிறோம். நூல் துணிதான் உடுத்துகிறோம். இரும்புச் சாமான் எதையும் உள்ளே கொண்டுபோவதில்லை. அன்றைக்குக் கலந்த மருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைத்தால் மறுநாள் அது வேறு குணத்துக்கு வந்துவிடும். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. இதெல்லாம் நாக்பூர் வெடிபொருள் அலுவலகத்தில் இருந்து வரும் உரிமத்தோடு சேர்ந்து வந்த விதிகள்தான். ஆனால் ஒவ்வொரு விதிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய சாவு இருக்கிறது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படாமல் இருப்பது மடத்தனம் என்பதை வள்ளுவர் அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். வீரத்தைப் பற்றிய அதிகாரத்தில் அதை வைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2021 பிப்ரவரி 12-ஆம் தேதியை இந்த வட்டாரத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டாம். அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாள். அதற்கு முன்னால் 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அங்கே கணக்கு நாற்பதை ஒட்டிப் போனது. இந்தத் தேதிகளைச் சுமந்துகொண்டு மறுவாரமே வேலைக்குப் போனவர்கள் இந்த ஊர்க்காரர்கள். எனக்கு நாற்பது வருஷமாக ஒரு புதிர் இருக்கிறது. அலுமினியப் பொடியோடும் கந்தகத்தோடும் பகல் முழுக்கப் புழங்குகிற கை, ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து ‘உங்களைப் பற்றி நாலு வரி எழுதுங்கள்’ என்றால் ஏன் நடுங்குகிறது?

நடுங்குகிறது. நான் பார்த்திருக்கிறேன். தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்புகள் நடந்த காலத்தில் தன் பெயரை முதன்முதலில் எழுதிய பெண்களின் விரல்களைப் பார்த்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். அந்த நடுக்கத்துக்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு. அகராதியில் தேடினால் கிடைக்காது. ‘நமக்கெதுக்கு’ என்பதுதான் அது. பாடத் தெரியும், வரையத் தெரியும், ஒப்பாரி வைத்தால் தெருவே அழும், கதை சொன்னால் பிள்ளைகள் சோறு தின்ன மறக்கும். ஆனால் அதை எழுதலாமே, மேடையில் செய்யலாமே என்றால் ‘நமக்கெதுக்கு சார், சோலியப் பாப்போம்’. மருந்துப் பயம் நம்மைக் காப்பாற்றுகிறது. இந்தப் பயம் யாரைக் காப்பாற்றுகிறது என்று யாராவது கேட்டிருக்கிறோமா?

இந்தப் பயம் பிறவியில் வருவதில்லை என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். எப்படித் தெரியுமென்றால், ஒரு பிள்ளைக்கு அதைக் கொடுத்தவன் நான்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. ஏழாம் வகுப்பு. ‘என் தாய்’ என்று கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் வழிகாட்டி நூலில் இருக்கிற தாயை எழுதி வந்தார்கள், அந்தத் தாய் அதிகாலையில் எழுந்து கோலமிட்டு இறைவனை வணங்குவாள். ஒரு பிள்ளை மட்டும் தன் அம்மாவை எழுதியிருந்தது. அம்மா தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க் கட்டை அடுக்கிவிட்டு வருவாள், ராத்திரி தூக்கத்திலும் விரல் குச்சியடுக்குகிற மாதிரி அசையும், நான் அந்த விரலைப் பிடித்துக்கொண்டால் நின்றுவிடும் என்று எழுதியிருந்தது. அதன் சொல்லில் அல்ல, என் ஞாபகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். நான் என்ன செய்தேன்? ‘ஆபீஸ்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்து மேலே ‘தொழிற்சாலை’ என்று எழுதினேன். ‘கட்டை அடுக்குதல்’ என்பதன் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். கீழே ‘கொச்சை நடையைத் தவிர்க்கவும்’. பத்துக்கு நான்கு மதிப்பெண். கோலமிட்ட தாய்மார்களுக்கெல்லாம் ஏழும் எட்டும்.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது. கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி 1982-இலேயே வந்துவிட்டது. அது என் அலமாரியில் இருந்தது. இடைசெவல்காரரான அவர் எழுதினால் அந்தச் சொல் இலக்கியம், ஏழாம் வகுப்புப் பிள்ளை எழுதினால் கொச்சை என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? அந்தக் கி.ரா.வே பள்ளிக்கூடப் படிப்பை எட்டாம் வகுப்புக்குள் முடித்துக்கொண்ட சம்சாரி. ‘சரஸ்வதி’ இதழில் அவருடைய ‘மாயமான்’ கதை வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை ஒட்டி. அவரும் பால்ய சிநேகிதர் கு. அழகிரிசாமியும் ஒரே ஊர், ஒரே வருஷம், 1923-இல் பிறந்தவர்கள். அழகிரிசாமி இளம் வயதிலேயே சென்னைக்குப் போய் எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். கி.ரா. ஊரில் ஏர் பிடித்துக்கொண்டிருந்தார். சிநேகிதன் முந்திப் போய்விட்டான், இனிமேல் நமக்கென்ன என்று விட்டிருந்தால் ‘கோபல்ல கிராமம்’ ஏது?

அந்தப் பிள்ளையை இருபது வருஷம் கழித்துப் பார்த்தேன். சாயங்காலம் ஆள் ஏற்றி வரும் பயர் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கினாள். என்னை அடையாளம் கண்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு வந்து நின்றாள். ‘சார், நீங்க சொல்லிக்குடுத்ததுதான். எம் பிள்ளைக்கும் கொச்சையில்லாம எழுதப் பழக்கிட்டேன் சார்’ என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

தன்னம்பிக்கைப் புத்தகங்கள் இந்த இடத்தில்தான் தப்பாகப் பேசுகின்றன. ‘உன்னை நம்பு, உன்னால் முடியும்’ என்கின்றன. பயம் என்னவோ அவள் மனசுக்குள் தானாக முளைத்த களை மாதிரியும், அதைப் பிடுங்க வேண்டியதும் அவள் பொறுப்பே என்பது மாதிரியும். அந்தக் களைக்கு விதை போட்டவர்கள் நாங்கள். வாத்தியார், வீடு, சாதி, ‘உங்க அப்பன் என்ன வேலை பாக்கான்’ என்று கேட்ட தெரு. ஆகவே எழுத உட்காரும்போது கை நடுங்கினால், ‘எனக்குத் திறமை இல்லை’ என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். எவனுடைய சிவப்பு மை அது என்று முதலில் பாருங்கள்.

இப்போது நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு வருகிறேன். மேலாண்மறைநாடு, இதே வெம்பக்கோட்டை வட்டாரம்தான். அங்கே 1951-இல் பிறந்தவர் மேலாண்மை பொன்னுச்சாமி. படிப்பு ஐந்தாம் வகுப்பு. சொந்த ஊரிலேயே பலசரக்குக் கடை. 1972-இல் ‘செம்மலர்’ இதழில் கதை எழுத ஆரம்பித்தார். ‘மின்சாரப்பூ’ தொகுப்புக்காக 2008-இல் சாகித்திய அகாதமி விருது வந்தது. 2017 அக்டோபரில் காலமானார். பள்ளிக்கூட விழாக்களில் ஐந்தாம் வகுப்பையும் அகாதமியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பிள்ளைகளை வாய்பிளக்க வைக்கிறோம். நடுவில் இருக்கிற 36 வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுகிறோம். எனக்கு அந்த 36 வருஷம்தான் வேண்டும்.

பலசரக்குக் கடை என்றால் என்னவென்று நினைக்கிறீர்கள்? ஊரின் அந்தரங்கம் முழுக்க அந்தக் கடன் நோட்டில் இருக்கிறது. கால் கிலோ துவரம்பருப்பு வாங்குகிற வீடு திடீரென்று நூறு கிராமுக்கு இறங்கினால் அந்த வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது. ஒரு வாரமாக வெற்றிலை வாங்க வராத கிழவி படுத்துவிட்டாள் என்று அர்த்தம். கடனைக் கேட்கப் போனவன் வாசலில் நின்று கேட்காமலே திரும்பி வந்தால், அதிலே ஒரு கதை இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் மூன்று வருஷம் சமூகவியல் படிக்கிறவனுக்குக் கிடைக்காதது தராசுக்குப் பின்னால் நிற்கிறவனுக்குத் தினமும் கிடைக்கிறது. கிடைத்ததைக் கதையென்று நம்ப ஒரு துணிவு வேண்டும், அவ்வளவுதான். அவருக்குப் பயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். அவர் ஒரு நூலுக்கு வைத்த பெயரே ‘அச்சமே நரகம்’. பயத்தின் வீட்டுக்குள் போய் வராத ஆள் அப்படிப் பெயர் வைக்க மாட்டான்.

அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் மலிவு விலையில் கொண்டுவந்த ருஷ்யப் புத்தகங்கள் கரிசல் ஊர்களுக்குள் வந்து சேர்ந்த காலம் அது. கார்க்கி ரொட்டிக் கிடங்கில் மாவு பிசைந்தவர். அவருடைய ‘தாய்’ நம் தொ.மு.சி. ரகுநாதன் தமிழில் கிடைத்தது. மாவு பிசைந்தவன் எழுதலாம் என்றால் புளி நிறுக்கிறவனும் எழுதலாம். அடுத்தது, இதுதான் முக்கியம், கூட்டாளிகள். 1975-இல் மதுரையில் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவருடைய அரசியல் உங்களில் சிலருக்கு ஒத்துவராமல் இருக்கலாம். கதைகளில் பிரசங்கம் சில இடங்களில் தூக்கல் என்று எனக்கே அபிப்பிராயம் உண்டு. ஆனால் தன் கதையை வாசித்துக் காட்ட நாலு பேர் இருக்கிறார்கள் என்ற தெம்பு ஒரு சின்னக் கிராமத்துக் கடைக்காரருக்குக் கிடைத்ததே, அது எந்த விருதையும் விடப் பெரிது.

கோவில்பட்டியிலும் இதுதான் நடந்தது. காந்தி மைதானத்தில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பேசிய இளவட்டங்கள் பின்னால் தேவதச்சன் ஆனார்கள், கோணங்கி ஆனார்கள், ச. தமிழ்ச்செல்வன் ஆனார்கள். ஒருவர் நகைக்கடைக்காரர், ஒருவர் தபால் இலாகாக்காரர். தமிழ்ச்செல்வனின் ‘வெயிலோடு போய்’ கதையைத்தான் இயக்குநர் சசி 2008-இல் ‘பூ’ என்று படமாக எடுத்தார். மேலாண்மைக்கு விருது வந்த அதே வருஷம். அந்தப் படத்தின் நாயகி பயர் ஆபீஸுக்கு வேலைக்குப் போகிற பெண். அவள் மனசுக்குள் ஓடுவதெல்லாம் ஒரு கதையா என்று எண்பதுகளில் என்னைக் கேட்டிருந்தால் நான் சிவப்புப் பேனாவை எடுத்திருப்பேன்.

படம் வரைகிறவர்கள் கொண்டையராஜுவை நினைத்துக்கொள்ளலாம். நாடகக் கம்பெனிக்குத் திரை எழுத வந்து, கம்பெனி கலைந்ததும் கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டவர். சிவகாசிக் காலண்டர்களில் அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமிகளைத்தான் தமிழ்நாடு முழுக்கச் சுவரில் மாட்டிக் கும்பிட்டது. காலண்டர் படமெல்லாம் கலையா என்று கேட்டவர்கள் உண்டு. அவர் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. வரைந்துகொண்டிருந்தார்.

ஆக, பயர் ஆபீஸ் விதியையே உங்களுக்குத் திருப்பிக் கொடுக்கிறேன். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் ஆகாது. எழுதியதை எடுத்த எடுப்பில் முகநூலில் ஆயிரம் பேர் முன்னால் கொட்டாதீர்கள். ஆயிரம் பேர் கண் பட்டால் பச்சைச் சுவர் வெடித்துவிடும். நம்பிக்கையான மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களோடு நாலு. வாசித்துக் காட்டுங்கள். அப்புறம், அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். மனசில் ஊறியதை எழுதாமல் வருஷக்கணக்கில் வைத்திருந்தால் அது வேறு குணத்துக்கு மாறிவிடும். எழுதுகிற அடுத்தவனைப் பார்த்து எரிகிற எரிச்சலாக மாறும். அந்த எரிச்சலோடு வாழ்கிற எத்தனையோ வாத்தியார்களை எனக்குத் தெரியும், கண்ணாடியில் பார்த்ததையும் சேர்த்து.

உவமையை இதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். மருந்து தப்பினால் உயிர் போகும். வரி தப்பினால் ஒரு தாள் போகும், கசக்கிப் போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கலாம். முதலாவது பயத்தைத் தினமும் சமாளிக்கிற உங்களுக்கு இரண்டாவது எம்மாத்திரம் என்று நான் கேட்கலாம், கைதட்டும் வரும். ஆனால் எல்லா எழுத்துக்கும் தாள் மட்டுமே விலை என்று சொன்னால் பொய். நம் மாவட்டத்துக்காரர் பாமா, வத்திராயிருப்புப் பக்கத்துப் புதுப்பட்டி. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, 1992-இல் ‘கருக்கு’ எழுதினார். தன் தெருவின் பேச்சிலேயே எழுதினார். இப்படியா எழுதுவது என்று படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். அதைவிட வலித்திருக்கக் கூடியது, ஊர்க்காரர்களுக்கே வந்த கோபம். எங்கள் சங்கதியை இப்படி வெளியே சொல்லலாமா என்று. சில காலம் சொந்த ஊருக்குள் போக முடியாத நிலை. அப்புறம் அதே ஊரின் இளைஞர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்தார்கள், ஊருக்கும் புரிந்தது. நம் பெண்கள் எழுத நினைக்கும்போது வருகிற பயம் இந்த ஜாதியைச் சேர்ந்தது. மாமியார் படித்தால், புருஷன் படித்தால், தெரு படித்தால். அதை லேசு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எழுதிவிட்டு அரிசிப்பானைக்குள் ஒளித்துவைப்பதும் எழுதியதுதான். எப்போது வெளியே எடுப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள், நான் அல்ல.

இன்னொன்றும் ஒத்துக்கொள்ள வேண்டும். பயம் ஒன்றுதான் தடை என்று பேசுவது பாதிப் பொய். காலையில் வேனைப் பிடித்து, பகலெல்லாம் எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, பொழுது சாய வந்து உலை வைக்கிற பெண்ணுக்கு நேரம் எங்கே? 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சரவெடி பின்னிய கைகளுக்கு அந்த வேலையும் போனது. வயிற்றுப் பயம் இருக்கிற வீட்டில் போய் வெள்ளைத் தாளைப் பற்றிப் பேசக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நூலகம் என்று ஒன்று இருந்தால் அதையும் நீங்கள் வேனை விட்டு இறங்குவதற்குள் பூட்டிவிடுகிறார்கள். இங்கே வந்திருக்கிற பொறுப்பாளர்களுக்கு என் விண்ணப்பம்: சொற்பொழிவுக்குச் செலவழிக்கிற பணத்தில் பாதியை எடுத்து, ராத்திரி எட்டு மணி வரை திறந்திருக்கிற ஒரு வாசக அறைக்கு விளக்கும் நாலு நாற்காலியும் போடுங்கள். நாலு போதும். பேச்சாளர்களைக் குறைத்துக்கொள்ளலாம், என்னையும் சேர்த்து.

எல்லாரும் மேலாண்மை ஆகிவிட மாட்டோம். அனுப்புகிற கதைகளில் பெரும்பாலானவை திரும்பி வரும், சில திரும்பிக்கூட வராது. வெம்பக்கோட்டையில் 2022-இலிருந்து தோண்டியெடுத்தார்களே, சுடுமண் உருவங்கள், சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள். நீங்களும் போய்ப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்தவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குத் தெரியாது. அந்த வைப்பாற்றங்கரையில் களிமண்ணைப் பிசைந்தவனிடமும் யாராவது ‘நமக்கெதுக்கு, சோலியப் பாரு’ என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அவன் சோலியையும் பார்த்துவிட்டு, பொம்மையையும் செய்திருக்கிறான்.

நேரமாகிவிட்டது, கடைசிப் பஸ்ஸுக்குப் போக வேண்டியவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆபீஸ் கிடையாது. வாசலில் போட்டிருக்கிற மேசையில் நாற்பது பக்க நோட்டு நூறு வைத்திருக்கிறேன், என் பென்ஷன் காசில் வாங்கியது. போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். தீப்பெட்டி ஆபீஸ் என்றே எழுதுங்கள்.